அவர் பெயரில் அனுப்பிய குளிர்

என் கணவர் இறந்த பிறகு ஏறக்குறைய இரண்டரை மாதம், தினமும் காலையில், ஓசூரின் குளிரை அவர் பெயரில் நான் தந்தி அனுப்பிக்கொண்டிருந்தேன். யாரையும் ஏமாற்ற நினைத்துச் செய்ததில்லை. நிறுத்து என்று யாரும் சொல்லவில்லை. நிறுத்தலாம் என்று எனக்கும் தோன்றவில்லை.

ஐம்பதுகளின் நடுப்பகுதி அது. ஓசூரில் அப்போது தொழிற்சாலை கிடையாது. இன்று கம்பெனி ஷெட்டுகள் நிற்கும் இடமெல்லாம் ராகிக் கொல்லையும் கொள்ளுக்காடும்தான். பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர்கள் விடியற்காலை பஸ்ஸைப் பிடிக்கத் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு பனிமூட்டத்துக்குள் நடந்து போவார்கள். ஆள் தெரியாது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்த பேச்சு மட்டும் எங்கள் வாசலைக் கடந்து போகும்.

அவர் உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் வாத்தியார். சிங்காரப்பேட்டைக்காரர். நான் திருநெல்வேலிப் பக்கம். ஆசிரியப் பயிற்சி முடித்து, மிஷன் பெண்கள் பள்ளியில் வேலை கிடைத்து இந்த ஊருக்கு வந்தவள். சபையில் பெரியவர்கள் பேசித்தான் எங்கள் கல்யாணம் நடந்தது. முதல் வருஷம் கார்த்திகையில் என் உதடு வெடித்து ரத்தம் வந்தபோது ஏதோ பெரிய வியாதி என்று பயந்து அழுதுவிட்டேன். அவர் சிரித்தார். உறைந்து கிடந்த தேங்காயெண்ணெய்க் கிண்ணத்தை அடுப்புச் சாம்பல்மேல் வைத்து இளக்கிக் கொண்டுவந்து கொடுத்தார்.

"இதான் இந்த ஊரு குளிரு. பழகிக்கோ. தை முடியற வரைக்கும் இப்படித்தான்."

பள்ளி வேலையோடு அவருக்குப் பகுதிநேர வேலை ஒன்றும் இருந்தது. எங்கள் வீட்டை ஒட்டி, பள்ளி மைதானத்தின் ஓரத்தில், முள்கம்பி வேலிக்குள் நாலு காலில் ஒரு வெள்ளைப் பெட்டி நிற்கும். சுற்றிலும் சாய்வாகப் பலகை அடித்திருக்கும். காற்று உள்ளே போகும், வெயில் படாது. அதற்குள் வெப்பமானிகள். பக்கத்தில் மழையை அளக்கும் புனல். ஊரில் பாதிப் பேர் அதைப் புறாக்கூண்டு என்றுதான் நினைத்திருந்தார்கள். காலை எட்டரை மணிக்கு அதைத் திறந்து, போன இரவு குளிர் எவ்வளவு தூரம் இறங்கியது, மழை பெய்ததா, பனிமூட்டம் எத்தனை அடர்த்தி என்று பார்த்து, மதராசுக்குத் தந்தி கொடுக்க வேண்டும். மாதக் கடைசியில் எல்லாவற்றையும் ஒரு பெரிய தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தபாலில் அனுப்ப வேண்டும்.

அந்த வேலை நடக்கும் நேரத்தில் நான் ஒரு நாளும் வீட்டில் இருந்ததில்லை. மிஷன் விடுதிப் பிள்ளைகளின் காலைச் சாப்பாடு என் பொறுப்பு. ஏழு மணிக்கே கிளம்பிவிடுவேன். நான் கதவைச் சாத்தும்போது அவர் கம்பளிக்குள் இருமிக்கொண்டிருப்பார். சின்ன வயதிலிருந்தே அவருக்கு நெஞ்சு பலவீனம். "கதவை நல்லா சாத்திட்டுப் போ, பனி உள்ள வருது" என்பார்.

அந்த வருஷம் ஐப்பசி மழை விட்டு விட்டு நீண்டது. மழை நின்ற மறுநாளே குளிர் இறங்கியது. அவருக்குக் காய்ச்சல் வந்தது. பக்கத்து வீட்டில் ஒரு தெலுங்கு அம்மாள், எங்களுக்குப் பால் கொடுப்பவர். வந்து எட்டிப் பார்த்து, "சலி எக்குவைப்போயிந்தம்மா" என்றார். அவர் சொன்னது, குளிர் அதிகமாகிவிட்டது என்று. என் காதில் விழுந்தது சளி. எப்படி எடுத்துக்கொண்டாலும் சரியாகத்தான் இருந்தது.

டாக்டர் வீட்டுக்கே வந்து ஊசி போட்டார். இரண்டு பக்க நுரையீரலிலும் சளி இறங்கிவிட்டது, எழுந்து நடமாடவே கூடாது என்று சொல்லிப் போனார். நான் பள்ளிக்கு லீவு எழுதிக் கொடுத்தேன்.

மறுநாள் காலையில் அவர் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"நீ போய் அந்தப் பொட்டியைப் பாத்துட்டு வர்றியா? தந்தி போகலேன்னா கேள்வி கேப்பாங்க."

"எனக்கு என்ன தெரியும்?"

"நம்பர் படிக்கத் தெரியும்ல? கண்ணை நேரா வச்சுப் பாரு. அவ்வளவுதான்."

படுத்தபடியே சொல்லிக் கொடுத்தார். படுக்கை வாட்டில் வைத்த வெப்பமானிக்குள் கறுப்பாகச் சின்ன ஊசி ஒன்று இருக்கும். குளிர் இறங்க இறங்க அந்த ஊசியும் கூடவே இறங்கும். சூடு ஏறினால் திரும்பி வராது, அங்கேயே நிற்கும். அது நிற்கிற இடத்தைக் குறித்துக்கொண்டு, பிறகு குழாயைச் சாய்த்து ஊசியைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். பனிமூட்டத்துக்கு மூன்று அடையாளம். மலைமேல் கோயில் தெரிந்தால் மூட்டம் இல்லை. புளியமரம் மட்டும் தெரிந்தால் நடுத்தரம். வேலிக்கல்லைத் தாண்டி ஒன்றும் தெரியாவிட்டால் அடர்த்தி.

நான் போனேன். கோயில் இல்லை, புளியமரம் இல்லை. வேலிக்கல்லில் ஈரம் வழிந்துகொண்டிருந்தது. பெட்டிக் கதவின் கொக்கியை எடுக்கும்போது விரலில் உணர்வே இல்லை. திரும்பி வந்து, "நாப்பத்தொம்பது" என்றேன். அப்போதெல்லாம் பாரன்ஹீட் கணக்கு.

அவர் கண்ணைத் திறந்தார். "நாப்பத்தொம்பதா? சரியா பாத்தியா?"

"ரெண்டு தடவை பாத்தேன்."

கொஞ்ச நேரம் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "சரி. பாத்ததையே எழுது" என்றார்.

அதன்பிறகு ஐந்து நாள் அதே வேலை. ஆறாவது நாள் காலை வாசிப்பு எடுத்துவிட்டுத் தபால் ஆபீசுக்குப் போனேன். தந்தி எழுத்தர் அன்றைக்கு வேறு ஏதோ நீண்ட செய்தி ஒன்றைத் தட்டிக்கொண்டிருந்தார். கால்மணி நேரம் நின்றேன். திரும்பி வரும்போது எங்கள் வீட்டு வாசலில் யாரோ நிற்பது போலத் தெரிந்தது. இன்னும் கொஞ்சம் நடந்தபிறகுதான் அது பால்காரம்மாள் என்று புரிந்தது. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு நின்றார். கணவரை அந்த அம்மாளிடம்தான் விட்டுவிட்டுப் போயிருந்தேன்.

அந்த நொடியில் என் மனசில் ஓடியது இதுதான்: இருபது கஜத்தில் முகம் தெரிகிறது, அப்படியானால் மூட்டம் கொஞ்சம் விலகியிருக்கிறது. எழுதிக் கொடுத்ததில் அடர்த்தி என்று போட்டுவிட்டேனே.

உள்ளே போனேன். அவர் கை இன்னும் சூடாக இருந்தது. கம்பளியை இழுத்துக் கழுத்துவரை மூடினேன். நான் அழாததைப் பார்த்துத்தான் பால்காரம்மாள் ஓவென்று அழுதார்.

அடக்கம் மறுநாள். சிங்காரப்பேட்டையிலிருந்து அவர் தம்பி கிருஷ்ணகிரி வந்து, அங்கிருந்து பஸ் மாறி வர வேண்டும். சூளகிரிப் பக்கம் மூட்டத்தில் பஸ்ஸை ஓரங்கட்டி நிறுத்திவிட்டார்கள். அதனால் எல்லோரும் காத்திருந்தோம். கல்லறைத் தோட்டத்துக்குப் போனபோதும் வெயில் வரவில்லை. போதகர் ஜெபம் சொல்லும்போது அவர் வாயிலிருந்து புகை வந்தது. குழியின் அந்தப் பக்கம் நின்றவர்களில் யார் யார் இருந்தார்கள் என்று கேட்டால் இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியாது.

மிஷனில் ஒரு வெள்ளைக்கார அம்மா இருந்தார். வயதானவர். இருபது வருஷத்துக்குமேல் இங்கேயே இருந்து புத்தகத் தமிழ் பேசுவார். திரும்பி வரும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

"என் தகப்பனார் இறந்தபோது எங்கள் ஊரில் இடுப்பளவு பனி விழுந்திருந்தது. மண் கல்லாகிவிட்டது. குழி வெட்ட முடியவில்லை. பனி உருகும்வரை இரண்டு மாதம் அவரை ஒரு கொட்டகையில் வைத்திருந்தோம்."

நான் கேட்டேன்: "அப்போ எத்தனை டிகிரி இருந்திருக்கும்மா?"

அவர் நின்று என் முகத்தைப் பார்த்தார். கையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

அடுத்த நாள் காலை எட்டரைக்கு என் கால் தானாகப் பெட்டிக்குப் போனது. வீடு முழுக்க அவர் உறவுக்காரர்கள். தபால் ஆபீசிலிருந்து நான் திரும்பி வந்தபோது, "துக்க வீட்டுப் பொம்பளை எங்க போயிட்டு வருது?" என்று யாரோ கேட்டது காதில் விழுந்தது. தந்தி எழுத்தர் ஒன்றும் கேட்கவில்லை. தாளை வாங்கி, எண்களைச் சரிபார்த்து, தட்டினார்.

கொழுந்தனார் ஊருக்குக் கிளம்பும் முன் என்னிடம் வந்து நின்றார்.

"அண்ணி, இங்க ஒண்டியா இன்னா பண்ணப் போறீங்க? நம்ம ஊருக்கே வந்துடுங்க."

"பள்ளிக்கூடம் இருக்குல்ல தம்பி."

"அங்கயும் பள்ளிக்கூடம் இருக்குது."

"தை முடியட்டும், பாக்கலாம்" என்றேன். ஏன் தை என்று சொன்னேன் என்று எனக்கே தெரியாது. அவர் பிறகு வற்புறுத்தவில்லை.

துக்கக்காரி என்று பள்ளியில் விடுதிப் பொறுப்பை என்னிடமிருந்து எடுத்துவிட்டார்கள். ஒன்பதரை மணிக்கு வந்தால் போதும் என்றார்கள். ஆகவே காலையில் எனக்கு இருந்த ஒரே வேலை அந்தப் பெட்டிதான். அதன்மேல் எனக்குப் பிரியம் ஒன்றும் இல்லை. உண்மையில் அதை வெறுத்தேன். பலவீனமான நெஞ்சோடு தினமும் பனியில் வந்து இதைத் திறந்துதான் அவர் உடம்பு போயிற்று என்று நம்பினேன். வெறுத்துக்கொண்டேதான் திறந்தேன், பார்த்தேன், ஊசியைச் சாய்த்தேன், மூடினேன். மற்ற நேரமெல்லாம் வகுப்பில் என் குரல் கேட்கும், அது என் குரல்தான் என்று எனக்குத் தெரியும், அவ்வளவுதான். சோற்றில் உப்புப் போட மறந்தால்கூடச் சாப்பிட்டு முடித்த பிறகுதான் நினைவு வரும்.

மாதக் கடைசியில் அந்தப் பெரிய தாள் வந்து நின்றது. அடியில் கையெழுத்து. நான் அவர் பெயரை அதுவரை ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. சபைக் கோயிலில் கல்யாண வாக்கு கொடுக்கும்போது போதகர் சொல்லச் சொன்னார். அப்போதும் வாய்க்குள்தான் முணுமுணுத்தேன். இப்போது பேனாவை எடுத்து அதை முழுசாக எழுதினேன். அவருடைய பழைய தாள் ஒன்றைப் பக்கத்தில் வைத்து, கடைசி எழுத்தின் சுழிப்பு உட்பட அப்படியே எழுதினேன். மை காயும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். ஏதாவது தோன்றும் என்று எதிர்பார்த்தேன். ஒன்றும் தோன்றவில்லை. மடித்து உறையில் போட்டேன்.

மார்கழி பாதியில் குளிர் இன்னும் கீழே போனது. ஒரு நாள் நாற்பத்தாறு. அன்று சாயங்காலம் பள்ளி விட்டு வரும்போது வாசலில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். தளிப் பக்கத்து விவசாயி. கன்னடம் பேசுகிறவர், தமிழும் நன்றாக வரும்.

"டீச்சரம்மா, எங்க பக்கம் மஞ்சு விழுந்துருச்சு" என்றார். அவர் ஊரில் பனிக்கு மஞ்சு என்றுதான் பெயர். "சும்மா பனி இல்லீங்க. பள்ளத்துக் கொல்லையில வெள்ளையா, உப்பு கொட்டினாப்புல கெடக்குது. கையில எடுத்தா கண்ணாடியாட்டம் உடையுது. அவரைப் பூவெல்லாம் கருகிப் போச்சு. மேட்டுக் கொல்லையில இன்னும் பாதி இருக்குது. இந்தக் குளிரு இன்னும் எத்தினி நாளைக்கு?"

"எனக்கு எப்படிங்க தெரியும்?"

"பொட்டியில பாக்கறீங்களே."

"போன ராத்திரி நடந்ததைத்தான் அதுல பாக்க முடியும். நாளைக்கு நடக்கறது தெரியாது."

அவர் நம்பவில்லை. தெரிந்தும் நான் சொல்ல மறுக்கிறேன் என்பது போலப் பார்த்தார். வேறு வழியில்லாமல் அவரைக் கூட்டிக்கொண்டு பஞ்சாயத்துப் பூங்காவுக்குப் போனேன். அங்கே கம்பத்தில் ரேடியோ கட்டியிருந்தார்கள். சாயங்காலம் விவசாயிகளுக்கான நிகழ்ச்சியில் வானிலை சொல்வார்கள். பத்துப் பதினைந்து பேர் போர்த்திக்கொண்டு நின்றார்கள். வட உள்மாவட்டங்களில் அடுத்த இரண்டு நாட்களுக்குக் குளிர் நீடிக்கும், காலையில் அடர்ந்த மூடுபனி இருக்கும், பள்ளமான இடங்களில் உறைபனிக்கு வாய்ப்புண்டு, அதன்பிறகு குளிர் சற்றுக் குறையும் என்று ஒரு குரல் நிதானமாகச் சொல்லிற்று.

"ரெண்டு நாளுதானா?" என்றார் விவசாயி. "அப்ப வரப்பைச் சுத்தி சருகு கொளுத்திப் புகை போட்டா மேட்டுக் கொல்லையைக் காப்பாத்தலாம்." அப்போதே கிளம்பிவிட்டார்.

நான் அங்கேயே நின்றேன். காலையில் என் விரல் மரத்துப்போய் எழுதின எண் எங்கெங்கோ போய், வேறு ஊர்களின் எண்களோடு சேர்ந்து, இந்தக் கம்பத்துக்கு வந்து ஒரு மனுஷனை ஓட வைத்திருக்கிறது என்பது எனக்குப் புரிந்தது. அது சந்தோஷமாக இருந்ததா என்றால், இல்லை. புரிந்தது, அவ்வளவுதான்.

பத்து நாள் கழித்து அந்த விவசாயி ஒரு துணி நிறைய அவரைக்காய் கொண்டுவந்தார். மேட்டுக் கொல்லை பிழைத்துவிட்டதாம். வாங்கி அடுக்களை மூலையில் வைத்தேன். சமைக்க வேண்டும் என்று தினமும் நினைத்தேன். அது அங்கேயே காய்ந்து, தோல் வெடித்து, கொட்டை உதிர்ந்தது. பால்காரம்மாள்தான் கடைசியில் அள்ளிக்கொண்டு போனார்.

தை மாதம் நடுவில் மதராசிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். குரங்குக் குல்லாய், கழுத்தில் மப்ளர், கையில் நீளமான ஒரு மரப்பெட்டி. வாசலில் நின்று என் கணவரின் பெயரைச் சொல்லி, "இருக்காரா?" என்று கேட்டார்.

"அவர் தவறிப்போயிட்டார் சார். ஐப்பசி கடைசியில."

அவர் குல்லாயைக் கழற்றினார். "அப்ப தினம் வர்ற தந்தி?" என்றார்.

"நான்தான் அனுப்பறேன்."

"மாசத் தாள்ல கையெழுத்து?"

"அதுவும் நான்தான் போட்டேன்."

"அது தப்புன்னு தெரியாதாம்மா?"

"நீங்க கேக்கும்போதுதான் சார் தோணுது."

அவர் திட்டவில்லை. பெட்டியைக் காட்டச் சொன்னார். தான் கொண்டுவந்த புது வெப்பமானியை எங்களுடையதன் பக்கத்தில் வைத்து, அரைமணி நேரம் மாற்றி மாற்றிப் பார்த்தார். இரண்டும் ஒன்றையே காட்டின. அவர் முகத்தில் குழப்பம்.

"இதுல பழுது ஒண்ணுமில்லையே" என்றார். "இதை மாத்தத்தான் நான் வந்தேன். மூணு நாலு வருஷமா உங்க ஊர்ல குளிர்காலத்துல எல்லா நாளும் அம்பத்தேழு, இல்லேன்னா அம்பத்தெட்டு. பக்கத்து ஊர்ல எல்லாம் ஏறி இறங்குது, இங்க மட்டும் அசையலை. ஊசி சிக்கிக்கிச்சுன்னு நினைச்சோம். இந்த ஐப்பசியிலேருந்து திடீர்னு சரியா வர ஆரம்பிச்சது. தானா எப்படிச் சரியாகும்னு பாக்க வந்தேன்."

சொல்லிக்கொண்டே வந்தவர் நடுவில் நிறுத்திவிட்டார். அவருக்கு விளங்கிவிட்டது. எனக்கும் விளங்கிவிட்டது. இருவரும் அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

"குளிர் ஊருங்கள்ல பல பேர் இப்படித்தாம்மா" என்றார் மெதுவாக. "நெஞ்சுக்கு ஆகாதவங்க பாவம் என்ன பண்ணுவாங்க."

காப்பி குடித்துவிட்டு, ஒரு தாளில் ஏதோ எழுதினார். மேலிடத்தில் சொல்லிப் பார்ப்பதாகவும், உத்தரவு வரும்வரை நானே வாசிப்பு எடுக்கலாம் என்றும் சொன்னார். "ஆனா உங்க பேர்ல கையெழுத்துப் போடுங்கம்மா. இனிமே அவர் பேரு வேண்டாம்."

அவர் போனபிறகு அலமாரியிலிருந்து பழைய பதிவேடுகளை எடுத்துப் பிரித்தேன். கார்த்திகை, மார்கழி, தை. ஐம்பத்தேழு. ஐம்பத்தெட்டு. ஐம்பத்தெட்டு. ஐம்பத்தேழு. என் உதடு வெடித்து நான் அழுத அந்த வாரமும் ஐம்பத்தெட்டுதான். அழகான கையெழுத்து, ஓர் அடித்தல் திருத்தல் இல்லை. வேறு எதிலும் அவர் பொய் சொல்லி நான் பார்த்ததில்லை. நான் கதவைச் சாத்திவிட்டுப் போன பிறகு, கம்பளிக்குள்ளிருந்து கையை வெளியே நீட்டிப் பார்த்து, மறுபடி உள்ளே இழுத்துக்கொண்டு ஓர் எண்ணைத் தீர்மானித்திருப்பார். அப்புறம் வெயில் ஏறியபின் பள்ளிப் பியூனிடம் தாளைக் கொடுத்தனுப்பியிருப்பார். நாற்பத்தொன்பது என்று நான் வந்து சொன்னபோது கூரையைப் பார்த்தாரே, அப்போது என்ன நினைத்திருப்பார் என்று யோசித்தேன்.

கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. சிரிப்பு மாதிரி ஒன்று தொண்டைவரை வந்து நின்றது. இத்தனை நாள் அந்தப் பெட்டிமேல் பழி போட்டிருந்தேன். அது அவரை ஒன்றும் செய்யவில்லை. அவர் பனியில் நின்றதே இல்லை. கதவைச் சாத்தி, கம்பளி போர்த்திக்கொண்டு, வீட்டுக்குள் இருந்தே அவருக்கு அந்தக் காய்ச்சல் வந்தது. இனிமேல் எதைச் சொல்லி நோவது?

அந்த மாதத் தாளில் என் பெயரை எழுதினேன். இரண்டு மாதம் கழித்து உத்தரவு வந்தது, என்னையே நியமித்திருந்தார்கள். நாலு வருஷம் செய்தேன். குளிர்காலம் வரும், எண் இறங்கும், பிறகு ஏறும். முதல் வருஷத்துக்கும் நாலாவது வருஷத்துக்கும் நடுவில் எப்போதோ, சோற்றில் உப்பு இல்லையென்றால் முதல் கவளத்திலேயே தெரிய ஆரம்பித்தது. அது எந்த நாள் என்று நான் குறித்து வைக்கவில்லை.

பிறகு ராயக்கோட்டைப் பள்ளிக்கு மாற்றல் வந்தது. பெட்டியின் பதிவேட்டைப் புது அறிவியல் வாத்தியாரிடம் கொடுத்துவிட்டுப் போனேன். ராயக்கோட்டையில் எனக்குக் கிடைத்த வீட்டில் காலை வெயில் நேராக வாசலில் வந்து விழும். முதல் வாரம் எட்டரை மணி ஆனதும் வெளியே வந்து, செய்ய ஒன்றும் இல்லாமல், தக்காளிக் கூடைகளோடு சந்தைக்குப் போகிறவர்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அடுத்த வாரத்திலிருந்து அந்த நேரத்தில் வெயிலில் உட்கார்ந்து தலை வாரிக்கொள்ள ஆரம்பித்தேன்.